மருதமரத்தில் ஒரு வருஷம்

ராக்காயி அக்கா பாட வேண்டிய நேரத்தில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

எவர்சில்வர் டம்ளர். முக்கால்வாசி சுக்குத் தண்ணீர் இருந்தது. பாடுவதற்கு முன்னால் ரெண்டு மடக்குக் குடிப்பது அவள் வழக்கம். அன்றைக்குக் குடிக்கவில்லை. கண்மாய்க்கரை மண்ணில் அதை அப்படியே ஊற்றினாள். டம்ளரைக் கவிழ்த்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"முடிச்சுட்டியா தம்பி? மிச்சத்தையும் நீயே பாடிரு. எனக்குக் கந்தர்வக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் என் கையில் மைக் இருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் வழியாக அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பொங்கப்பானைக்கு முன்னால் குனிந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மேளக்காரர் அடிக்கத் தூக்கிய குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

பிள்ளைகளா, அந்த நேரத்தில் எங்கள் கருப்பன் மருதமரத்தின் ஏழாவது கிளையில் நின்றுகொண்டிருந்தான். கீழே வெள்ளம். அவனை இறக்கிவிட வேண்டியவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

யார் இந்தக் கருப்பன்?

கருப்பன் எங்கள் குடும்பத்துப் பாட்டில் இருக்கிற ஆள். நிஜமாகவே இருந்தவனா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பாட்டில் அவன் கண்மாய்க்குக் காவல்காரன். பல வருஷம் மழையே இல்லை. பிறகு ஒரு நாள், சேர்த்து வைத்துப் பெய்கிறது. கரை உடையப் போகிறது என்று தெரிந்ததும் கருப்பன் ஊரை எழுப்பி மேட்டுக்கு அனுப்பிவிடுகிறான். கடைசியில் அவனுக்கு ஓட வழியில்லை. கரையில் நின்ற மருதமரத்தில் ஏறிக்கொள்கிறான்.

மூன்று நாள் மரத்தில் நிற்கிறான். மூன்றாம் நாள் அவன் தங்கச்சி அழகாயி வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, கரண்டியால் துடுப்புப் போட்டு வந்து அண்ணனை இறக்கிக் கூட்டிப் போகிறாள். ஆமாம், குழம்புக் கரண்டிதான். வீட்டில் அதுதான் மிச்சம் இருந்ததாம்.

முழுசாகப் பாட ரெண்டு மணி நேரம் ஆகும். சித்திரை மாசம் ஊர்ப் பொங்கல் அன்று, அதே கண்மாய்க்கரையில், காலை வெயில் ஏறுவதற்குள் பாடி முடிக்க வேண்டும்.

பாகம் பிரித்த கதை

இதை ஒரே ஆள் பாடுவதில்லை. அதுதான் விஷயமே.

என் தாத்தாவும் ராக்காயி அக்காவின் தாத்தாவும் அண்ணன் தம்பி. பாகம் பிரித்தபோது காட்டைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், கிணற்றில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான், பாட்டு யாருக்கு என்று கேட்டுவிட்டார். மறுபடி உட்கார்ந்தார்கள்.

காட்டைப் பிரிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. பாட்டைப் பிரிக்க மூன்று நாள் ஆயிற்றாம். கடைசியில் ஏழாவது கிளையை வரப்பாக வைத்தார்கள். கருப்பன் மரம் ஏறி, ஏழாவது கிளையில் கால் வைக்கிற வரைக்கும் என் தாத்தாவுக்கு. அங்கிருந்து இறங்கி வீடு சேர்கிற வரைக்கும் அண்ணனுக்கு. மூத்தவர் என்பதால் அவர்தான் முதலில் தேர்ந்தெடுத்தார். ஜனம் அழுகிற பாதியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

ஒரு பங்குக்காரன் பாதியை இன்னொருவன் சபையில் பாடக் கூடாது. எழுதாத சட்டம்.

எழுதாத என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருமுறை வெளியூர் வாத்தியார் ஒருவர் ஆசைப்பட்டு, என் சித்தப்பாவை உட்கார வைத்து முழுப்பாட்டையும் ஒரு நோட்டில் எழுத வைத்தார். நோட்டு எந்த வீட்டில் இருப்பது என்று தகராறு வந்தது. நியாயமாக நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நோட்டை நெடுக்குவாட்டில் கிழித்துவிட்டார்கள். ரெண்டு வீட்டிலும் பாதிப் பாதி வரிதான் இருந்தது. அன்றோடு நோட்டு கிடையாது. காதுதான்.

என் பெண்டாட்டி செல்விக்கு இந்தக் கதை என்றால் உயிர். குடுமியான்மலையில் சங்கீதத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்களே, நம் பாட்டையும் அப்படி வெட்டலாமே என்று பஸ்ஸில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். வெட்டினால் உங்கள் ஆட்கள் மலையைப் பாதியாகப் பெயர்த்துக்கொண்டு போவார்கள், பாவம் அந்த மலை என்றாள்.

காதும் வாயும்

எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. என் அப்பா முகச்சவரம் செய்யும்போது பாடுவார். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்படியே காதில் ஏறியது. மூக்குக்குக் கீழே கத்தி வரும்போது அவர் வாயை இறுக்கிக்கொள்வார், பாட்டும் நிற்கும். நான் இன்றைக்கும் அந்த இடங்களில் ஒரு கணம் நிற்பேன். கேட்கிறவர்கள் என்ன ஒரு அழுத்தம் என்பார்கள். நான் சொல்லிக்கொள்வதில்லை.

அக்காவின் பாதியும் எனக்குத் தெரியும். என் பாதி அவளுக்கும் தெரியும். ரெண்டு வீட்டுக்கும் நடுவே கிளுவை வேலிதானே இருந்தது. அக்காவின் அப்பா, என் பெரியப்பா, மாடு குளிப்பாட்டும்போது பாடினால் எங்கள் வீட்டுச் சட்டி பானைக்குக்கூடக் கேட்கும். கேட்பதில் தப்பில்லை, வாயைத் திறந்தால்தான் தப்பு என்று அப்பா சொல்லி வைத்திருந்தார்.

பெரியப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவர் பாதி மகளுக்குப் போயிற்று. ராக்காயி அக்கா கந்தர்வக்கோட்டைப் பக்கம் வாக்கப்பட்டுப் போனபோது, கருப்பன் இறங்குகிற பாதியும் அவளோடு முந்திரிக்காட்டுக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் அவளோடு பஸ்ஸில் வரும், மறுபடி போகும்.

இன்னொரு சட்டமும் உண்டு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பாடுகிறவர் தன் பாதிக்குள் புதுசாக ஒரு வரி போடலாம். ஜனம் அதைக் கேட்டு அழுதாலோ சிரித்தாலோ, அது பாட்டோடு சேர்ந்துவிட்டது. அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. ஓடுகிற கருப்பனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தராத முத்தன் என்று ஒருத்தன் என் பாதியில் வருவான். அவன் என் தாத்தாவுக்கு ஒருமுறை ஏணி கொடுக்க மாட்டேன் என்றவன். அவ்வளவுதான் அவன் செய்த பாவம். அவன் பேரன்கள் இன்றைக்கும் என் பஸ்ஸில் ஏறும்போது, அந்த வரியை எடுக்க வழியிருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

நான் செய்த திருட்டு

நான் கீரனூர் மினி பஸ்ஸில் கண்டக்டர். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. பெரிய குணக்கேடு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தச் சித்திரையில் என் கையில் புது மைக் இருந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினன் செல்போனை என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். மரம் ஏறத் தொடங்கினேன்.

*ஒண்ணாங் கெளையிலே ஓணான் வழிவிட*
*ரெண்டாங் கெளையிலே ரெட்டவாலி சத்தமிட*
*மூணாங் கெளையிலே முசுறு மொய்ச்சிருக்க…*

ரெட்டவாலி என்றால் கரிச்சான் குருவி. முசுறு தெரியும்தானே? மரத்தில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பு. கடித்தால் தெரியும்.

ஏழாவது கிளைக்கு வந்தேன். நான் நிறுத்த வேண்டிய இடம். ஜனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறது. மச்சினன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறான். என் வாய் நிற்கவில்லை.

*வடக்கே பார்த்தா வரப்பு தெரியலையே*
*தெக்கே பார்த்தா தெருவு தெரியலையே*
*கெழக்கே பார்த்தா கெணறு தெரியலையே*
*மேக்கே பார்த்தா மேடு தெரியலையே*

நாலு வரி. பாட்டிலேயே நல்ல நாலு வரி. அக்காவின் பாதியில் முதல் நாலு வரி. முன்வரிசையில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் ஏர் ஓட்டும்போது யாரும் பார்க்காத நேரத்தில் வரப்பில் ஒரு சாண் உள்ளே தள்ளுவான் பாருங்கள், அதைத்தான் நான் மைக்கில் செய்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் அந்த டம்ளர்.

அந்த ஒரு வருஷம்

அக்கா போய்விட்டாள். வேறு யாரும் பாடக் கூடாது. கருப்பன் மரத்தில் நின்றான். ஜனம் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிற்று.

மறுநாளிலிருந்து என் பஸ்ஸில் ஆரம்பித்தது. ஊரையே இறக்கி விடுகிறாய், உன் ஆளை மட்டும் இறக்க மாட்டேன் என்கிறாயே என்றார் டிரைவர். காய்கறிக் கூடையோடு ஏறுகிற பெண்கள் கருப்பனுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் கேட்டார்கள். ஆடியில் காற்றடித்தபோது, ஆள் பத்திரமா, துண்டு கிண்டு கட்டியிருக்கிறாரா என்று விசாரித்தார்கள். முத்தன் பேரன்களுக்குத்தான் சந்தோஷம் சொல்லி முடியாது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வீட்டில் இருந்தது.

என் சின்ன மகள் மலருக்கு அந்த வருஷம் காது குத்துவதாக இருந்தோம். ஆனால் பாட்டு முடியாமல் எங்கள் வகையறாவில் எந்த விசேஷமும் வைக்கக் கூடாது. ஆளை மரத்தில் நிறுத்திவிட்டுப் பந்தல் போடுவதா என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மலருக்கு வாங்கிய ஜிமிக்கி பென்சில் டப்பாவுக்குள் போயிற்று. தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் நூலில் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் தலையை ஆட்டிப் பார்ப்பாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் அவிழ்த்து வைப்பாள்.

"ஒங்க வாய் தொறந்ததுனால எம்புள்ள காது மூடிக் கெடக்கு" என்றாள் செல்வி.

மலருக்குக் கருப்பனைப் பற்றியும் கவலை இருந்தது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஒரு வருஷம் மரத்துலயே நின்னா, அவரு ஒண்ணுக்கு எங்கப்பா போவாரு?"

கீழேதான் வெள்ளம் இருக்கிறதே என்றேன். செல்வி கரண்டியைக் காட்டினாள்.

முந்திரிக்காட்டில்

பங்குனியில் லீவு போட்டுவிட்டு, மச்சினன் விட்டுப் போன வண்டியை எடுத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டை போனேன். காடு முழுக்க முந்திரிப்பழ வாசனை. புளிப்பும் இனிப்பும் கலந்து, தலையைக் கிறுகிறுக்க வைக்கிற வாசனை. அக்கா மரத்தடியில் பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியே போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

வா என்றாள். ஒரு தட்டு நிறையப் பழத்தை நறுக்கி வைத்தாள். உங்களில் முந்திரிப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும். ஒன்றிரண்டு என்றால் ருசி. உப்பும் போடாமல் ஒரு தட்டு தின்றால் தொண்டை சாக்குப்பை மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. முழுசாகத் தின்றேன். அவள் நான் முழுங்குவதை ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள்.

பிறகு பேச ஆரம்பித்தோம். அதாவது அவள் பேசினாள். எனக்குக் குரல் வரவில்லை.

சபையில் பாடியது பாடியதுதான், திருப்பி வாங்க முடியாது என்றாள். நாலு வரி எடுத்தவன் அபராதமாக நாலு வரி தர வேண்டும். நான் உடனே தலையாட்டி, ஆரம்பத்தில் மழையில்லாத ஊர்களின் பெயர் வருமே, அதில் நாலு வரியை எடுத்துக்கொள் என்று கரகரத்தேன்.

"நஞ்சையில வெட்டிப்புட்டு கல்லுக்காட்டைக் குடுக்கிறியாக்கும்" என்றாள். "வரப்பை ஒட்டித்தான் வேணும். நாலாங் கெளையிலேருந்து எனக்கு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்படியென்றால் நான் மூன்றாவது கிளையோடு நிறுத்த வேண்டும். முசுறு மொய்த்திருக்கிற கிளை.

அக்கா கொட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள். உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது. என் மகள் காதை நினைத்துக்கொண்டேன். சரி என்றேன். வண்டியை எடுக்கும்போது ஒரு பை நிறையப் பழம் கட்டிக் கொடுத்து, திருவிழா வரைக்கும் தினமும் தின்னு என்றாள்.

மூன்றாவது கிளை

சித்திரை வந்தது. கண்மாய்க்கரையில் வழக்கத்தைவிட ரெண்டு மடங்குக் கூட்டம். பொங்கல் வைக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஓரமாக ஆசாரி காது குத்தும் ஊசியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பட்டுப்பாவாடையில் மலர், இதற்காகவே மறுபடி துபாயிலிருந்து வந்திருந்த தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தப் பென்சில் டப்பா.

பாடினேன். ஓணான் கிளை, ரெட்டவாலி கிளை, முசுறுக் கிளை. நிறுத்தினேன். மைக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா மைக்கை மடியில் வைத்தாள். டம்ளரை எடுத்தாள். சுக்குத் தண்ணீரை ஊதினாள். ஒரு மடக்கு குடித்தாள். மறுபடி ஊதினாள். கூட்டத்தில் யாரோ தெரிந்தவர்களைப் பார்த்து எப்ப வந்தீக என்று விசாரித்தாள். எங்கிருந்தோ வெற்றிலை வந்தது. காம்பு கிள்ளினாள்.

கருப்பன் முசுறுக் கிளையில் நிற்கிறான். முதலில் பின்வரிசையில் ஒருத்தர் தொடையைச் சொறிந்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் சொறிந்துகொண்டிருந்தது. நானும்தான்.

மலர்தான் பொறுக்க மாட்டாமல் எழுந்து நின்றாள்.

"அத்தை, எறும்பு கடிக்குது. சீக்கிரம் ஏத்தி விடுங்க."

"கடிக்கட்டும்டி. ஒங்கப்பன் நிறுத்துன எடம்தானே."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மேளக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா வெற்றிலையை ஓரமாக வைத்தாள். மைக்கை எடுத்தாள். அதற்கு மேல் அவள் விளையாடவில்லை.

பிள்ளைகளா, ஒன்றைச் சொல்ல வேண்டும். என் நாலு கிளைகளை அவள் பாடிய மாதிரி நான் ஒரு நாளும் பாடியதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் குரல் ஒரு படி ஏறியது. ஏழாவதில் கால் வைத்தபோது எனக்கே மரத்தின் ஆட்டம் காலில் தெரிந்தது. வடக்கே பார்த்தாள், தெக்கே பார்த்தாள், கெழக்கே பார்த்தாள், மேக்கே பார்த்தாள். அழாத ஆள் இல்லை. நானும் துண்டை எடுத்தேன்.

துண்டு கண்ணில் இருக்கும்போதே அடுத்த வரி வந்தது. இதுவரைக்கும் பாட்டில் இல்லாத வரி.

*கீழே பார்த்தா கீரனூருக் கண்டக்டரு*
*வரப்பை வெட்டிப்புட்டு வாய்பொத்தி நிக்குறானே*

நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். அது வேறு.

ஜனம் அழுத கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தது. முத்தன் பேரன் ஒருவன் கைதட்டி விசில் அடித்தான். ஜனம் சிரித்தால் என்ன சட்டம் என்று உங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேனே. முடிந்தது. அந்த வரி சேர்ந்துவிட்டது. நான் போன பிறகும், என் பேரப்பிள்ளைகள் காலத்திலும், வெள்ளத்துக்கு நடுவில் டிக்கெட் பையோடு நான் நின்றுகொண்டே இருப்பேன்.

அழகாயி வாழைத்தண்டில் வந்தாள். கரண்டியால் துடுப்புப் போட்டாள். கருப்பன் இறங்கினான். ஆசாரி ஊசியை எடுத்தார். மலர் அழுவாள் என்று நான் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கண்டக்டர் வரி ஞாபகம் வந்துவிட்டது போல, கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் ரெண்டு காதும் குத்தியாகிவிட்டது.

குத்திய காது

மலருக்கு எங்கள் பாதிதான் சொந்தம். கண்டக்டர் வரி அக்காவின் பாதியில் இருக்கிறது. அதனால் அவள் அதைச் சபையில் பாட முடியாது. வீட்டில் பாடத் தடையில்லை. தினமும் நான் காக்கிச் சட்டையை மாட்டும்போது ஜிமிக்கியை ஆட்டிக்கொண்டு பாடுகிறாள். செல்வி தாளம் போடுகிறாள்.

நான் சும்மா இருப்பேனா? என் பாதியில் கிளைதான் குறைந்தது. மழையில்லாத ஊர்ப் பெயர்கள் எல்லாம் என்னிடம்தானே இருக்கின்றன. அங்கே ரெண்டு வரி நுழைக்க இடம் பார்த்து வைத்தேன். போன வாரம் சவரம் செய்துகொண்டே யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்துப் பார்த்தேன்.

*மழையில்லாச் சீமையிலே மானாவாரிக் காட்டுக்குள்ளே*
*முந்திரிப்பழத்தைத் தட்டுல வச்சுக் குடுத்து மூச்சையே அடைச்சாளே*

கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது மலர். அது எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அக்கா. வணக்கம் இல்லை, நல்லாயிருக்கியா இல்லை.

"ரெண்டாவது வரி நொண்டுதுடா தம்பி. தட்டு எதுக்கு? தட்டைத் தூக்கிப் போடு. 'முந்திரிப் பழங்குடுத்து மூச்சடைக்க வச்சாளே'ன்னு பாடு, சரியா உக்காரும். என்னைத் திட்டுறதுன்னாலும் தாளத்தோட திட்டு."

வைத்துவிட்டாள். நான் பஸ் படியில் நின்றபடியே பாடிப் பார்த்தேன். சரியாகத்தான் உட்கார்ந்தது.